போர் முடிந்தபின் பேச வந்தவன்

பண்ணைப்புரத்தில் சென்ற கோடையில் ஐந்து மாலைப் பொழுதுகளை ஓர் ஆங்கில நாவலுக்காகச் செலவிட்டோம். கூடியிருந்தோரில் ஆயர்கள் மூவரும், இறையியல் மாணவர் சிலரும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் நூலை முன்னரே வாசித்திருந்தனர். திண்ணையின் ஓரத்தில் வந்தமர்ந்த பெண்கள் சிலர் வாசித்திருக்கவில்லை, வாசித்திருக்கவும் இயலாது. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும் வேளையில் திரும்புகிறவர்கள் அவர்கள். அவர்களுக்காக ஒவ்வொரு நாளும் கதையைத் தமிழில் சொல்லிவிட்டே விவாதத்தைத் தொடங்கினோம். வாசித்தோர் சொன்ன கருத்துகளைக் காட்டிலும் கேட்டோர் சொன்னவையே நம்மை அதிகம் அசைத்தன. அவற்றை எழுதிவைப்பது நல்லதென்று எண்ணுகிறோம்.

நூல், அமெரிக்க எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்டு 1986இல் வெளியிட்ட 'ஸ்பீக்கர் ஃபார் த டெட்'. 'இறந்தோர்க்காகப் பேசுபவன்' என்று அதனைத் தமிழாக்கலாம். 1985இல் வந்த 'எண்டர்ஸ் கேம்' என்ற போர்நாவலின் தொடர்ச்சி அது. மூன்றாவதாகிய 'ஸெனோசைட்' 1991இல் வந்தது. மூன்றோடு முடிய வேண்டிய கதை, மூன்றாம் நூல் கைமீறி வளர்ந்து இரண்டாகப் பிரிந்தமையால், 1996இல் நான்காம் நூலில்தான் முடிவுற்றது. அறிவியல் புனைகதைக்கு வழங்கப்படும் பெரும் பரிசுகளான ஹியூகோ, நெபுலா ஆகிய இரண்டையும் முதல் நூல் பெற்றது. அடுத்த ஆண்டே இரண்டாம் நூலும் இரண்டையும் பெற்றது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இவ்விரு பரிசுகளையும் நாவலுக்காகப் பெற்றவர் அதற்கு முன் எவருமிலர். கார்டு மார்மன் சபையைச் சேர்ந்தவர். இளமையில் அச்சபையின் ஊழியராய்ப் பிரேசிலில் பணிபுரிந்தவர். இரண்டாம் நாவலில் போர்த்துக்கேய மொழி பேசும் கத்தோலிக்கக் குடியேற்றம் ஒன்று இடம்பெறுவதன் பின்னணி இதனால் விளங்கும்.

முதல் நூலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூச்சியினத்தை ஒத்த வேற்றுலகத்தார் பூவுலகின்மீது இருமுறை படையெடுத்தனர். மூன்றாம் போருக்குத் தளபதியாக்கும் நோக்கத்தோடு ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அரசு விண்வெளிப் போர்ப்பள்ளிக்குக் கொண்டுசெல்கிறது. எண்டர் என்பது அவனுடைய செல்லப்பெயர். விளையாட்டென்றும் பயிற்சியென்றும் சொல்லி அவனை வளர்க்கிறார்கள். இறுதித் தேர்வு என்று அவன் நம்பித் திரையின்முன் அமர்ந்து நடத்திய போர், மெய்யான போராகவே முடிகிறது. எதிரிகளின் தாயுலகம் அழிகிறது. ஓரினம் முழுவதும் மாள்கிறது. அப்போது அவன் இன்னும் சிறுவன். அமெரிக்க மரைன் படை வீரர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நூற்பட்டியலில் இந்நாவல் இடம்பெற்றது. 2013இல் திரைப்படமாகவும் வந்தது. 1991ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் கார்டு தமக்கு வந்த வாசகர் கடிதங்களைப் பற்றி எழுதுகிறார். கூர்மதியுள்ள பிள்ளைகளிடையே பணிபுரிந்த ஒருவர், எந்தக் குழந்தையும் இவ்வாறு பேசாது என்று கடிந்து எழுதினாராம். அக்குழந்தைகளோ, எங்களைப் பற்றி உண்மையைச் சொன்ன நூல் இதுவே என்று எழுதினார்களாம். ஒரு நூலைப் பெரியவர்கள் ஒருவிதமாகவும் சிறியவர்கள் வேறுவிதமாகவும் வாசிப்பதை ஞாயிறுபள்ளி நடத்தியவர் எவரும் அறிவர்.

இரண்டாம் நூலுக்கு வருவோம். முதல் நூலை விரும்பியவர் பலர் இரண்டாவதைப் பாதியில் வைத்துவிடுகிறார்கள். நம் மாணவர் ஒருவர் முதல் மாலையிலேயே இதனை ஒளிக்காமல் சொன்னார்: போர்ப்பள்ளி இல்லை, படையணி இல்லை, வியூகம் இல்லை; நாற்பது பக்கத்துக்கு ஒரு குடும்பச் சண்டை நடக்கிறது; இது விண்வெளிக்கதையா, வாரப்பத்திரிகைத் தொடரா? நியாயமான புகார் என்றே முதலில் நமக்கும் தோன்றிற்று. தமிழ் வாசகர் இந்நிலையை முன்பே அறிவர். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை விரும்பிப் படித்தவர்கள் 'மீண்டும் ஜீனோ'வைக் கையிலெடுத்தபோது நாய்க்குட்டியைத்தான் தேடினார்கள். அந்த இயந்திர நாய் கிடைத்தவரையில் மகிழ்ந்தார்கள். சர்வாதிகாரி ஒருவன் வெறும் ஒளிப்படிமம் என்று முதல் நூலில் தெரிந்தபின், அரியணையில் அமர்த்தப்பட்ட நிலா என்ற பெண் பொம்மையரசியாக எவ்வாறு வாழ்கிறாள் என்பதே இரண்டாம் நூலின் பாரமான கேள்வி. அதனைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. வெற்றியின் கதையைக் கேட்க வந்தவனிடம் வெற்றிக்குப் பின் வந்த காலத்தைச் சொன்னால் அவன் எழுந்து போகத்தான் பார்ப்பான். யாத்திராகமத்தில் செங்கடலைக் கடந்த அதிகாரத்தைப் பிரசங்கிப்பது எளிது. முப்பத்திரண்டாம் அதிகாரத்துக்கு வந்தால் நமக்கே தொண்டை வறளும்.

ஆனால் கார்டு தரும் விவரம் இந்தப் புகாரைத் தலைகீழாக்கிவிடுகிறது. 1977இல் அவர் 'எண்டர்ஸ் கேம்' என்ற பெயரில் ஒரு குறுங்கதை எழுதியிருந்தார். பின்னர் இறந்தோர்க்காகப் பேசுபவனின் கதையை எழுத முற்பட்டபோது, அவன் யார், எதைச் சுமந்து வருகிறான் என்பதைச் சொல்லாமல் அது நடக்காது என்று கண்டு, பழைய குறுங்கதையை நாவலாக விரித்தார். அதாவது, உலகம் கொண்டாடும் போர்நாவல் இந்த இரண்டாம் நூலுக்கு வாசற்படியாக எழுதப்பட்டது. படியிலேயே உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குள் ஒன்றுமில்லை என்று சொல்லும் வாசகரை என்னவென்பது!

கதை இது. போர் நடந்து மூவாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணம் செய்கிறவனுக்கு வயது மெல்லவே ஏறுமாதலால் எண்டர் இன்னும் முப்பத்தைந்து வயதுக்காரன். தான் அழித்த இனத்தின் கதையை அவர்கள் பக்கத்தில் நின்று எழுதிப் பெயரிடாமல் அவன் வெளியிட்டான். அந்த நூலே ஒரு மரபைத் தோற்றுவித்தது: இறந்தவரின் வாழ்வை, கூட்டாமலும் குறைக்காமலும், அவர் செய்ததும் செய்ய நினைத்ததுமாக ஊரார்முன் எடுத்துரைப்போர் என்ற ஒரு பணியினம் உண்டாயிற்று. அந்நூலை வாசித்த உலகம், இனமொன்றை அழித்த எண்டர் என்ற பெயரைச் சாபச்சொல்லாக்கிவிட்டது. அவனும் பேசுபவனாகவே அலைகிறான். அவன் யார் என்பது பெரும்பாலோர்க்குத் தெரியாது.

லூசிடேனியா என்ற குடியேற்றத்தில் காட்டில் வாழும் சிற்றினம் ஒன்றுண்டு. போர்த்துக்கேய மொழியில் சிறியோர் என்று அவர்களுக்குப் பெயர். ஊரார் இழிவாய்ப் பன்றிக்குட்டிகள் என்பர். வேலியொன்று மனிதரையும் அவர்களையும் பிரிக்கிறது. அவர்களை ஆராய்ந்த பீப்போ என்ற அறிஞரை அச்சிறியோர் உடலைத் திறந்து கொல்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகன் லீபோவும் அவ்வாறே மாள்கிறான். நொவீன்யா என்ற பெண் லீபோவை நேசித்தவள். தன் ஆய்வுக் கோப்புகள் அவனுக்குக் கிட்டினால் அவனும் சாவான் என்று அஞ்சியே அவனை மணக்காமல், மார்க்கோஸ் என்ற வேறொருவனை மணந்தாள். அவளுடைய பிள்ளைகள் அனைவரும் லீபோவுக்குப் பிறந்தவர்கள். மார்க்கோஸ் அதனை அறிந்தவன். நோயினால் பிள்ளைப்பேறு அற்றவன். குடித்தான், அவளை அடித்தான், பிள்ளைகள்மீது கை வைக்கவில்லை. அவன் செத்ததும், அவனுக்காகப் பேச வருமாறு மகள் ஏலா அழைக்கிறாள். ஊர் மேற்றிராணியாரோ, வந்தவனோடு எவரும் பேசலாகாது என்று கட்டளையிடுகிறார்.

சதுக்கத்தில் ஊர் திரண்டிருக்க எண்டர் பேசும் அதிகாரத்தை மூன்றாம் மாலையில் சொன்னோம். முரடன் என்று ஊர் வெறுத்த மார்க்கோஸ், சிறுவனாயிருந்தபோது தன் பெரிய உடலுக்காக மற்றச் சிறுவர்களால் வதைக்கப்பட்டவன். ஒருமுறை திருப்பி அடித்தபோது ஊரே அவன்மீது பழிபோட, உண்மையைச் சொல்லி அவனைக் காத்தவள் நொவீன்யா ஒருத்தியே. அந்த நன்றியே காதலாகி, பின் அவமானமாகி, கடைசியில் அடியாயிற்று. இவ்வாறு ஒவ்வொரு முடிச்சாய் எண்டர் அவிழ்க்கையில் ஊரார் தலைகுனிகிறார்கள். நாங்கள் இவனை அறிந்ததே இல்லை என்று உணர்கிறார்கள். ஆயர்களில் ஒருவர், இதைப் போன்ற அடக்கப் பிரசங்கம் ஒன்றை வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்துவிட வேண்டும் என்றார். அவர் குரலில் ஏக்கம் இருந்தது.

அந்த ஏக்கம் நமக்கும் உண்டு, காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இப்பள்ளத்தாக்கின் ஒரு சிற்றூரில் ஓர் அடக்க ஆராதனையை நடத்தினோம். இறந்தவர் குடித்தவர், மனைவியை அடித்தவர், கடன் வைத்தவர். இவை ஊரறிந்தவை. நாமோ, கர்த்தருக்குள் நித்திரையடைந்த அன்புச் சகோதரர் என்று தொடங்கி, நற்போராட்டம், ஓட்டம், கிரீடம் என்று வழக்கமான சொற்களையெல்லாம் அடுக்கினோம். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, நாம் பேசத் தொடங்கியதும் அழுகையை நிறுத்திவிட்டார். ஆறுதலடைந்தார் என்று அன்று எண்ணினோம். பல நாள் கழித்து அவ்வீட்டுக்குப் போனபோது அவர் ஒன்றே கேட்டார்: "ஐயா, நீங்க அன்னிக்கு யாரப் பத்திப் பேசுனீங்க?" அதற்கு அன்று மறுமொழி சொல்லவில்லை. கார்டு தம் முன்னுரையில், சாவுவீட்டுப் புகழுரைகள் இறந்தவரை இரண்டாம் முறை அழிக்கின்றன என்ற பொருள்பட எழுதியிருப்பதை வாசித்தபோது அந்தக் கேள்வியே நினைவுக்கு வந்தது.

எனவே இந்த அதிகாரத்தை நாம் மிகுந்த ஆர்வத்தோடு சொல்லி முடித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். கேட்டுக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தோம். அவர்களுள் மூத்தவர் சொன்னது வேறு. "அவ பொய் சொன்னது தப்புத்தேங்கய்யா. அதுக்கு இம்புட்டு வருசம் அடி வாங்கணுமா? அடிச்சவன் சின்னதுல அடிபட்டான்னு ஊரு அழுகுது. அடிபட்டவளுக்கு யாரு அழுதா?" திண்ணையில் சற்றுநேரம் பேச்சில்லை. மாணவர்கள் நம்மைப் பார்த்தார்கள். நாம் நூலைப் பார்த்தோம்.

இந்த நாவலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த கடுமையான விமர்சனங்களை நாம் அறிவோம். 1987இல் எலைன் ராட்ஃபோர்ட் என்பவர் எண்டரை ஹிட்லரோடு ஒப்பிட்டு, ஓரினத்தை அழித்தவன்மீது நம்மை இரங்கவைக்கும் கதை இது என்று சாடினார். அந்த ஒப்பீடு மிகை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஜான் கெசல் 2004இல் எழுதிய நீண்ட கட்டுரை அவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதன்று. இந்நாவல்களில் ஒரு செயலின் நன்மை தீமையைச் செய்தவனின் உள்நோக்கமே முடிவுசெய்கிறது. எண்டர் கொல்கிறான், ஆயினும் கொல்லும் நோக்கம் அவனுக்கு இல்லாதபடி கதை அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அவன் எப்போதும் குற்றமற்றவனாகவே நிற்கிறான். இரண்டாம் நூலில் இறந்தோர்க்காகப் பேசும் முறையும் இதே அளவுகோலை ஊர் முழுவதற்கும் பயன்படுத்துகிறது என்று கெசல் வாதிடுகிறார். அவருடைய கட்டுரையை முதல்முறை வாசித்தபோது, பேராசிரியர்களின் நுண்வாதம் என்று நாம் ஒதுக்கினோம். மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர், கெசலின் பெயரைக் கேட்டிராதவர், அதே புள்ளியில் விரல் வைத்தபோதுதான் அதன் கனம் விளங்கிற்று. செய்தவனுடைய மனத்தின் உள்ளே போய்ப் பார்க்கும் கதை, செய்யப்பட்டவளின் உடம்புக்கு வெளியே நின்றுவிடுகிறது.

கார்டை முற்றிலும் குற்றம் சாட்டவும் மனம் வரவில்லை. நொவீன்யாவின் உள்ளத்தையும் அவர் விரிவாகவே காட்டுகிறார்: ஆசானின் சாவுக்குத் தன் ஆய்வே காரணம் என்று நம்பி, அந்தப் பழியைத் தானே சுமந்து, தண்டனையாகவே அந்த மணவாழ்வை அவள் ஏற்கிறாள். ஆனால் இங்கேதான் நமது ஐயம். அடியைத் தனக்குரிய தண்டனை என்று அவள் எண்ணியது உண்மையாயிருக்கலாம்; அந்த எண்ணத்தைப் பொய்யென்று சொல்ல எண்டர் ஒரு வாக்கியமேனும் செலவிட்டிருக்க வேண்டாமா? நம் வீடுகளில் அடிபடும் பெண்கள் எத்தனைபேர் இதைத் தம் பாவத்தின் கூலி என்று நம்பும்படி பிரசங்கபீடமே கற்பித்திருக்கிறது என்பதை ஆயர்கள் அறிவர். ஒரு நாவலாசிரியர் இதைத் தவறவிட்டால் அது கலைக்குறை. நாம் தவறவிட்டால் அதற்கு வேறு பெயர்.

இறந்தோரைப் பற்றி உண்மை பேசுவதற்கு வேதாகமத்தில் முன்மாதிரி உண்டா என்று ஒரு மாணவர் கேட்டார். சவுலுக்காகத் தாவீது பாடிய புலம்பலை ஒருவர் எடுத்துக்காட்டினார். இரண்டாம் சாமுவேலின் முதல் அதிகாரத்திலுள்ள அப்பாட்டு நெஞ்சை உருக்குவது; ஆனால் ஈட்டி எறிந்ததும், வனாந்தரத்தில் வேட்டையாடியதும் அதில் இல்லை. அது நம் அடக்கப் பிரசங்கத்துக்கு நெருங்கிய உறவு எனலாம். மத்தேயு தரும் வம்சவரலாறு வேறுவகை. தாவீதின் பெயர் வருமிடத்தில், சாலொமோனின் தாயைப் பெயர்சொல்லிக் குறிக்காமல் உரியாவின் மனைவி என்றே எழுதிவைத்திருக்கிறார். அரச வம்சத்தின் பெருமைப் பட்டியலில், கொல்லப்பட்ட ஏத்தியனின் பெயரை எவரும் அழிக்க முடியாதபடி பதித்துவிட்டார். எண்டரின் சதுக்கப் பேச்சு முழுவதையும்விட இந்த ஒரு குறிப்பு நீதியுள்ளது என்பது நமது கருத்து. ஏனெனில் இங்கே நினைக்கப்படுபவன் தீங்கு செய்யப்பட்டவன். பத்சேபாளின் பெயர் இல்லையே என்று ஒரு மாணவி உடனே மறுத்தார். அவர் சொல்வதும் சரியே.

வேதாகமத்தைவிட்டு ஊருக்கு வந்தால், உண்மை பேசும் மரபு நம் கண்முன்னே கிடக்கிறது. ஒப்பாரி பாடும் பெண் இறந்தவனைப் புகழ்வாள்; அதே மூச்சில், பெண் கொடுத்த இடத்தில் பட்ட பாட்டையும், பங்காளிகள் பறித்த காணியையும், அவன் குடித்து அழித்ததையும் சேர்த்தே பாடுவாள். பாட்டென்பதால் எவரும் தடுக்க முடியாது. சாவுவீடென்பதால் எவரும் எழுந்துபோகவும் முடியாது. வேறு நாளில் வாய்திறந்தால் அடிவிழும் சொற்களுக்கு அந்த ஒருநாள் அனுமதி உண்டு. பண்ணைப்புரத்துக்குப் பாட்டின் வலிமையைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் இவ்வூர்ப் பாவலர் வரதராசனின் பாட்டு மலையேறிப்போய்த் தோட்டத் தொழிலாளரிடையே ஒலித்தது. அவர் தம்பி இளையராஜாவை உலகறியும். ஆனால் நம் சபைகள் பலவற்றில் ஒப்பாரி நம்பிக்கையற்றவரின் அழுகை என்று விலக்கப்பட்டது. அதன் இடத்தில் பாமாலையும் கீர்த்தனையும் வந்தன. அவை நல்லவை, நம்பிக்கையூட்டுபவை. எனினும் அவற்றில் பங்காளி பறித்த காணிக்கு இடமில்லை. ஒரு நற்செய்தியைக் கொடுத்தபோது ஒரு நீதிமன்றத்தை மூடிவிட்டோமோ என்ற எண்ணம் நமக்கு எழுகிறது. கார்டு தம் எதிர்காலத்துக்காகக் கற்பனைசெய்த பணியை, எழுத்தறியாத நம் பாட்டிமார் கூலியில்லாமல் செய்துவந்தார்கள்.

ஒரு வேற்றுமையையும் சொல்ல வேண்டும். ஒப்பாரி பாடுகிறவள் அவ்வீட்டின் உள்ளிருந்து, பட்டவளாகவே பாடுகிறாள். எண்டரோ வெளியிலிருந்து வருகிறான். ஜேன் என்ற கணினி அறிவு அவன் காதுக்குள்ளிருந்து எல்லாக் கோப்புகளையும் திறந்து காட்டுகிறது. இரண்டு வாரங்களுக்குள் ஓர் ஊரின் இருபதாண்டு இரகசியம் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. எல்லாம் அறிந்தவனாய், எவராலும் அறியப்படாதவனாய் அவன் பேசுகிறான். நம் ஆயர்களில் சிலருக்கு இந்த நாயகன்மீதுள்ள ஈர்ப்பு இதனாலேயே நமக்கு அச்சமூட்டுகிறது.

நூலின் மற்றொரு பெரும்பொருளாகிய அந்நியர் பற்றி விரைந்து சொல்கிறோம். கார்டு அந்நியரை நான்கு படிகளாகப் பிரிக்கும் ஸ்கந்திநாவியச் சாயலுடைய சொற்களை அமைத்திருக்கிறார். நம் உலகத்தின் வேற்றூர்க்காரன் ஒருவன். வேற்றுலகத்து மனிதன் மற்றொருவன். வேற்றினமாயினும் நம்மைப்போல் மனம்படைத்தவன் என்று நாம் ஏற்பவன் ராமன். பேச்சே சாத்தியமற்ற அந்நியம் வாரெல்ஸெ. (நம் இராமனுக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை, எனினும் பண்ணைப்புரத்தில் அச்சொல்லைக் கேட்டவுடன் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.) எதிரிலுள்ளவர் எப்படியிருக்கிறார் என்பதைவிட, நாம் எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்பதையே இந்தப் படிகள் அளக்கின்றன என்பது நூலின் துணிபு. குமுளிக்கும் போடிமெட்டுக்கும் அருகில் வாழ்கிறவர்களுக்கு இது வெறுங்கருத்தாக இராது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சிக்கல் கொந்தளித்தபோது, பல ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் வேலைசெய்த நம் பக்கத்துத் தொழிலாளர் பலர் அஞ்சி மலையிறங்கி வந்தார்கள். கம்பம் பக்கத்தில் மறுகரையாரின் கடைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. நேற்றுவரை வேற்றூர்க்காரனாயிருந்தவன் ஒரே வாரத்தில் கடைசிப்படிக்குத் தள்ளப்பட்டான். 1895 முதல் ஒரே அணையின் தண்ணீரைப் பற்றிப் பேசிவரும் இரு மக்கள் இவர்கள்.

சிறியோர் ஏன் கொன்றார்கள் என்பது நாவலின் பிற்பகுதியில் வெளிப்படுகிறது. அவர்கள் உலகில் அவ்வாறு திறக்கப்பட்டு நடப்பட்ட உடல் மரமாக எழுந்து நீடு வாழும். அது அவர்கள் அளிக்கத்தக்க மேலான கௌரவம். பீப்போவும் லீபோவும் தம் சிறிய நண்பனுக்கு அதைச் செய்யுமாறு வேண்டப்பட்டனர். கொலை என்றெண்ணி மறுத்தனர். ஆகவே அந்தக் கௌரவம் அவர்களுக்கே அளிக்கப்பட்டது. மனிதர் மரமாவதில்லை என்பது சிறியோருக்குத் தெரியாது. ஓரினத்தை அறியாமல் அழித்த எண்டரே இறுதியில், உடன்படிக்கையின் முத்திரையாக, சிறியோரில் வேறொருவனைத் தன் கையால், அவன் விரும்பியபடி, கண்ணீரோடு திறந்து நடுகிறான். நாவலின் உச்சம் இதுவே. முதல் நூலில் தூரத்திலிருந்து திரைவழியே கொன்றவன், இங்கே முகத்தைப் பார்த்துக் கத்தியைப் பிடிக்கிறான். போரை விரும்பி வந்த வாசகர் பாதியில் வைத்துவிட்டுப்போவது இந்தப் பக்கங்களுக்கு முன்னால்தான் என்பதை நினைக்க வருத்தமாயிருக்கிறது. முதல் நாள் புகார்செய்த மாணவர் இதனைக் கேட்டபின், போர்நூலில் இல்லாத போர் இங்கே இருக்கிறது என்று தாமாகவே சொன்னார். திரைமுன் அமர்ந்து ஆளில்லா விமானங்களால் கொல்லும் இக்காலத்தில் இரண்டு நூல்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு, நமதும் அதுவே.

கார்டின் நேர்மைக்குச் சான்றாக ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. எண்டர் உண்மை பேசியதால் ஊர் குணமடைந்தது என்று மட்டும் அவர் எழுதவில்லை. நொவீன்யாவின் மூத்த மகன் மீரோவும் லீபோவின் மகள் ஒவாந்தாவும் காதலர். ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்பதைச் சதுக்கத்தில் ஊரோடு ஊராக நின்றே அவர்கள் அறிகிறார்கள். அன்றிரவு மீரோ வேலியைத் தாண்ட முயன்று, அதன் தாக்கத்தால் மூளை சிதைந்து, பேச்சும் நடையும் குன்றிப்போகிறான். உண்மையின் விலையை அதில் குற்றமற்ற இளைஞன் செலுத்துகிறான். இந்த வரவுசெலவை மூடிமறைக்காததாலேயே இது பெரிய நாவல். ஆயினும் அந்த விலையை எண்டர் முன்கூட்டி எண்ணிப்பார்த்தானா என்றால், அதற்கு நூலில் நிறைவான விடை கிடைக்கவில்லை.

ஐந்தாம் மாலை கலையும் வேளையில், முன்பு பேசிய அந்த மூத்த பெண்மணி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்டார். "எல்லார் முன்னாலயும் அவ கதையச் சொல்றதுக்கு முந்தி, சொல்லட்டுமாத்தான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானாய்யா?" மகள் கேட்டுக்கொண்டாள் என்று ஓர் ஆயர் சொன்னார். மகளை நான் கேட்கவில்லை என்றார் அவர். விளக்கைப் பெரிதாக்கி அந்த அதிகாரத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தோம். அவளிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.